மச்சானுக்கு எந்தப் பட்டர்?

கனடாவில் இருந்து வந்த பெட்டியின் மேல் மருமகன் தமிழிலேயே எழுதி ஒட்டியிருந்தான்: "அப்பாவுக்கு, பட்டர்." அக்கா அதை வாசித்துவிட்டு, "இவ்வளவு தூரத்தில இருந்து பட்டரா? உருகி ஒழுகியிருக்குமே" என்று பெட்டியின் மூலையை முகர்ந்து பார்த்தா. உள்ளே இருந்தது 34 அங்குல நீளத்தில் ஒரு கோல்ஃப் தடி. புல்லை மயிர் வெட்டினமாதிரி வெட்டி வைத்திருக்கிற கிரீனில், பந்தை உருட்டிக் குழிக்குள் விழுத்துவதற்கென்றே உள்ள தடி. அதற்கும் ஆங்கிலத்தில் பட்டர் (putter) என்றுதான் பெயர்.

மச்சான் ஓய்வுபெற்ற கணித வாத்தியார். இளமையில் கிரிக்கெட் ஆடியவர். நான் கட்டாரில் வீதி வேலைத்தளங்களில் சேர்வே வேலை செய்த காலத்தில் கோல்ஃப் பழகி, ஊருக்குத் திரும்பியதும் அவருக்கும் தொற்ற வைத்தேன். மட்டக்களப்புக் கல்லடியில் இருந்து நாங்கள் விளையாடப் போவது திருகோணமலைச் சீனக்குடாவில் விமானப்படை நடத்துகிற 18 குழி மைதானத்துக்கு. வாழைச்சேனை, வாகரை, வெருகல், மூதூர், கிண்ணியாப் பாலம் என்று 120 கிலோமீற்றருக்கு மேல் ஓட வேண்டும். விடிய நாலரைக்கு வெளிக்கிட்டால்தான் வெயில் ஏறுமுன் பாதி ஆட்டமாவது முடியும். ஆகவே வருடத்தில் ஏழெட்டுத் தரம்தான் புல்லில் ஆடுகிறோம். மிச்ச நாளெல்லாம் அக்கா வீட்டு விறாந்தையில், சீமெந்துத் தரையில் பந்து உருட்டுவதுதான்.

இப்படி ஆடுகிறவனுக்குப் பட்டர்தான் முக்கியமான தடி என்பது என் கட்சி. பார் 72, அதாவது 18 குழியையும் 72 தட்டில் முடிக்க வேண்டிய மைதானமொன்றில், கணக்குப்படி குழிக்கு 2 உருட்டல், ஆக 36 தட்டு பட்டராலேயே தட்ட வேண்டியவை. தூர அடிக்கப் பழக இடம் இல்லாத எங்களுக்கு விறாந்தையில் திருத்தக்கூடியது அந்தப் பாதி மட்டும்தான்.

பிரச்சினை என்னவென்றால், மகன் ஆசையாக அனுப்பிய தடியில் மச்சானுக்குப் பந்து விழவில்லை. என்னிடம் கட்டாரில் பழசாக வாங்கிய, தலை ஒடுங்கிய பிளேட் வகைப் பட்டர் ஒன்று கிடந்தது. கொழும்பு நண்பர் ஒருவர், இப்போது பேசப்படுகிற 'ஸீரோ டோர்க்' வகையொன்றை இரண்டு கிழமைக்குத் தந்து உதவினார். மூன்றையும் வரிசையாகச் சுவரில் சாத்தி வைத்துக்கொண்டு, எது மச்சானுக்கு, எது எனக்கு என்று பார்க்கத் தொடங்கினோம். அளந்து தருகிற கடையோ கமராவோ இல்லாத ஊரில் வெண்கட்டி, குண்டுநூல், கைபேசி என்பவற்றோடு செய்தது இது. உங்களுக்கும் இவ்வளவு போதும் என்றே நினைக்கிறேன்.

கதவும் மணிக்கூடும்

பட்டரை ஆட்டுகிற விதத்தில் இரண்டு ஓரங்கள் உண்டு. ஒன்று வாசல் கதவுமாதிரி. தடியின் தலை பின்னால் போகும்போது உள்பக்கமாக வளைந்து திறந்து, முன்னால் வரும்போது மூடி, திரும்ப உள்பக்கம் போகும். இதை ஆர்க் ஸ்ட்ரோக் என்பார்கள். மற்றது சுவர் மணிக்கூட்டின் ஊசல்மாதிரி. நேரே பின்னால், நேரே முன்னால். பெரும்பாலான ஆட்கள் இரண்டுக்கும் இடையில் எங்கேயோ நிற்கிறார்கள், கதவைக் கொஞ்சமாகத் திறக்கிறவர்களாக.

இதில் சரி, பிழை என்று ஒன்றும் இல்லை. பட்டரின் தண்டு செங்குத்தாக நிற்கக் கூடாது, குறைந்தது 10 பாகையாவது சரிந்திருக்க வேண்டும் என்பது கோல்ஃப் விதி. சரிந்த தண்டைத் தோளால் ஆட்டினால் தலை கொஞ்சம் வளைந்து போவதுதான் இயற்கை. நேர்க்கோட்டில் ஆட்டுகிறவர் தோளை மேலும் கீழுமாகத் தராசுத் தட்டுமாதிரி அசைக்கப் பழகியவர்.

உங்களுடையது எது என்று பார்க்கச் சுவர் ஒன்று போதும். பட்டர்த் தலையின் நுனி, அதாவது டோ, சுவருக்கு ஒரு விரல் இடைவெளியில் நிற்க நின்றுகொண்டு, பந்தில்லாமல் ஆட்டுங்கள். இடைவெளி மாறாமல் போய் வந்தால் நேர்க்கை. பின்னாலும் முன்னாலும் சுவரை விட்டு விலகினால் வளைவுக்கை. எவ்வளவு விலகுகிறது என்பதைக் கைபேசியில் மெதுவோட்டமாகப் படம் பிடித்தால் கண் ஏமாறாது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: படம் பிடிக்கிறார்கள் என்று தெரிந்தால் எல்லாரும் அழகாக ஆட்டுவார்கள். நான் மச்சானை அவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா உருட்டும்போதுதான் பிடித்தேன்.

மச்சானுடையது நல்ல வளைவு. மூன்று விரல் அகலத்துக்குக் கதவு திறந்தது. என்னுடையது ஏறக்குறைய நேர். பதினொரு வருடம் கருவிக்குள் கண்ணை வைத்து நேர்க்கோடு பிடித்ததன் பழக்கமோ தெரியாது.

இவ்வளவு நுணுக்கம் தேவையா என்று அக்கா கேட்டதற்கு மச்சான் தரையிலேயே வெண்கட்டியால் கணக்குப் போட்டுக் காட்டினார். பந்து புறப்படுகிற திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, அடிபடுகிற நொடியில் பட்டரின் முகம், அதாவது பந்தில் படுகிற தட்டைப் பக்கம், எங்கே பார்க்கிறது என்பதுதான். முகம் ஒரு பாகை திரும்பியிருந்தால், மூன்று மீற்றர் தள்ளி பந்து 52 மில்லிமீற்றர் விலகிப் போயிருக்கும். குழியின் விட்டம் 108 மில்லிமீற்றர். அதில் பாதி 54. ஆக, ஒரேயொரு பாகையோடு பந்து குழியின் உதட்டில் நிற்கிறது. "மூன்று மீற்றருக்கு ஒரு பாகை. அதுக்கு மேல நமக்குச் சலுகை இல்லை, கா" என்றார். அக்காவுக்குக் கணக்கு விளங்கினதோ இல்லையோ, தரையைக் கழுவச் சொல்லிவிட்டுப் போனா.

சுவரில் சாத்திய மூன்றும்

பட்டரை வாங்குமுன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு, காசு செலவில்லாதது. தண்டை ஒரு விரலின் மேல் கிடையாக வைத்துச் சமநிலைப்படுத்துங்கள். தலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். முகம் வானத்தைப் பார்த்துக்கொண்டு மட்டமாக நின்றால் அது ஃபேஸ் பாலன்ஸ்ட். டோ பக்கம் நிலத்தை நோக்கித் தொங்கினால் அது டோ ஹாங். எவ்வளவு தொங்குகிறதோ அவ்வளவுக்குத் தலையின் பாரம் தண்டின் அச்சைவிட்டுத் தள்ளி இருக்கிறது என்று அர்த்தம். ஒரு பிணைச்சலில் தொங்குகிற கதவுக்கு எப்படித் தானாகத் திரும்புகிற குணம் இருக்கிறதோ அப்படி.

என் பழைய பிளேட் நன்றாகத் தொங்குகிற வகை. அதன் வடிவத்துக்கு ஒரு கதை இருக்கிறது. நோர்வேயில் பிறந்து அமெரிக்காவுக்குப் போன கார்ஸ்டன் சோல்ஹைம் என்ற பொறியியலாளர், ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் வேலை செய்துகொண்டே வீட்டுக் கராஜில் பட்டர் செய்தவர். 1959இல் வந்த முதலாவது தடி பந்தில் படும்போது எழுப்பிய ஓசையில் இருந்துதான் பிங் என்ற பெயரே வந்தது. 1966இல் பாரத்தை ஹீல் என்கிற உள் ஓரம், டோ என்கிற நுனி ஆகிய இரண்டு ஓரங்களுக்கும் பிரித்து வைக்கிற யோசனையோடு புதியதொன்றை ஒரு இசைத்தட்டு உறையின் மேல் வரைந்தார். 'ஆன்ஸர்' என்று பெயர். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லின் ஓர் எழுத்தைக் குறைத்தால் தடியில் பொறிக்க இடம் போதும் என்று யோசனை சொன்னது அவருடைய மனைவி. இன்றைக்குக் கடையில் பிளேட் என்று காண்பவற்றில் மிகப் பல அந்த வரைபடத்தின் பேரப்பிள்ளைகள்தான். டைகர் வூட்ஸ் தன் 15 பெரும் பட்டங்களில் 14ஐ வென்ற ஸ்கொட்டி கமரன் நியூபோர்ட் 2 என்ற பட்டரும் அந்தப் பரம்பரையே.

பிளேட்டின் நல்ல குணம், அது உண்மையைச் சொல்லும். நடுவில் பட்டதா, ஓரத்தில் பட்டதா என்று கை உடனே அறியும். கெட்ட குணமும் அதுதான். ஓரத்தில் பட்டால் தலை முறுகி, பந்து குழிக்கு முன்னாலேயே களைத்து நின்றுவிடும். தினமும் ஆடுகிறவனுக்கு அந்த உண்மை பாடம். வருடத்தில் எட்டு நாள் ஆடுகிறவனுக்கு அது வெறும் ஏச்சு.

மருமகன் அனுப்பியது மலெட். பெரிய தலை, பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிற இரண்டு கொம்பு, மேலே வெள்ளைக் கோடு. விரலில் வைத்தால் முகம் வானத்தைப் பார்த்துக்கொண்டு அசையாமல் நிற்கிறது. பாரம் ஓரங்களுக்கும் பின்னுக்கும் தள்ளியிருப்பதால் ஓரத்தில் பட்டாலும் தலை அதிகம் முறுகாது, பந்தும் அவ்வளவாகத் தூரம் குறையாது. குறி வைக்கவும் சுகம். 2001இல் ஒடிஸி நிறுவனம் தலையின் மேல் இரண்டு வெள்ளை வட்டம் பதித்து 'டூ போல்' என்று விட்டபோது, உண்மைப் பந்தோடு சேர்த்து மூன்றும் வரிசையாகத் தெரிகிற வசதிக்காகவே உலகம் வாங்கியது. 2024இல் அமெரிக்க வீரர் ஸ்கொட்டி ஷெஃப்லர் பிளேட்டை விட்டு மலெட்டுக்கு மாறியதும், உடனே வெல்லத் தொடங்கியதும் மலெட் முதியவர்களின் தடி என்ற பேச்சை அடியோடு நிறுத்தின.

வழக்கமாகச் சொல்கிற பொருத்தம் இப்படிப் போகும்: நேர்க்கைக்கு ஃபேஸ் பாலன்ஸ்ட், வளைவுக்கைக்கு டோ ஹாங். கதவுமாதிரி ஆட்டுகிறவனுக்குக் கதவுமாதிரித் திரும்புகிற தடி என்று நியாயம். மச்சானுக்கு அந்த மலெட்டில் பந்து வலப்பக்கமாகவே போய்க்கொண்டிருந்ததும் இதற்கு ஒத்துவருகிறது. அவருடைய கை மூட விரும்புகிறது, தலை சோம்பலாகத் திறந்தே நிற்கிறது. ஆனால் பட்டர் அளந்து கொடுக்கிறவர்கள் எல்லாரும் இந்தப் பொருத்தத்தைச் சத்தியமாக எடுப்பதில்லை. ஸ்ட்ரோக்கின் வளைவைப் பார்க்காதே, பந்து எந்தப் பக்கம் தவறுகிறது என்று பார் என்கிற கட்சியும் உண்டு. வலக்கைக்காரருக்குப் பந்து இடப்பக்கம் இழுபட்டால் கூடுதலாகத் தொங்குகிற தலை, வலப்பக்கம் தள்ளுப்பட்டால் குறைவாகத் தொங்குகிற தலை என்பது அவர்களின் மருந்து. மச்சானின் வலப்பக்கத் தவறுக்கு இந்த இரண்டு கட்சியும் நேரெதிரான மருந்தைச் சொல்கின்றன என்பதைக் கவனித்தீர்களா? அவரும் கவனித்தார். "பரீட்சைத் தாளில இப்படி ரெண்டு விடை வந்தால் கேள்விதான் பிழை" என்றார். அது எவ்வளவு சரி என்று பிறகுதான் தெரிந்தது.

மூன்றாவது, நண்பர் தந்த ஸீரோ டோர்க். பார்க்க ஒரு விதமான அவலட்சணம். தண்டு தலையின் நடுப்பகுதியில், பாரமையத்தையே குறிவைத்து இறங்குகிறது. கையில் தளர்வாகப் பிடித்து ஆட்டினால் முகம் திறக்கவும் இல்லை, மூடவும் இல்லை, போகிற பாதைக்குச் சதுரமாகவே நிற்கிறது. ஃபேஸ் பாலன்ஸ்ட்டும் இதுவும் ஒன்றல்ல. ஃபேஸ் பாலன்ஸ்ட் விரலில் கிடையாக வைக்கும்போது சமநிலை. இது பந்துக்குப் பின்னால் சரிவாகப் பிடித்திருக்கிற நிலையிலேயே முறுகாமல் நிற்கிற சமநிலை. லாப் என்ற நிறுவனம் இந்த வகையைப் பேர்போகச் செய்தது, இப்போது மற்றவர்களும் செய்கிறார்கள்.

தண்டை நடுவில் போடுவது ஒன்றும் நேற்றைய யோசனை இல்லை. 1904இல் வால்டர் டிராவிஸ் என்ற அமெரிக்கர், நடுவில் தண்டு பொருத்திய 'ஸ்கெனெக்டடி' பட்டரோடு இங்கிலாந்துக்குப் போய் பிரித்தானிய அமெச்சூர் பட்டத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். சில வருடத்தில் அங்கே அந்த மாதிரித் தடிகளுக்கே தடை வந்தது. 1950களின் தொடக்கம் வரை அந்தத் தடை நீங்கவில்லை. அந்தத் தடியைச் செய்த ஆர்தர் நைட்டும் ஜெனரல் எலெக்ட்ரிக் பொறியியலாளர்தான். மின்சாரக்காரருக்கும் பட்டருக்கும் என்ன பூர்வஜென்மப் பந்தமோ!

எனக்கு ஸீரோ டோர்க்கில் கிட்ட உள்ள பந்துகள் பயமில்லாமல் விழுந்தன. தூரப் பந்துக்கு மட்டும் கை குருடாகிப் போனது. எவ்வளவு வலுக் கொடுக்கிறேன் என்பதைத் தலை சொல்லவே இல்லை. மச்சானோ இரண்டாம் நாளே கீழே வைத்துவிட்டார். "இது என்னைக் கேட்காமலே நேராப் போகுது. எனக்கு வேலை இல்லை" என்றார். விலையும் 400 டொலருக்கு மேல். கை நடுங்குகிறவர்கள், ஒரு மீற்றர் தூரத்தில் பந்தைப் பார்த்தாலே மணிக்கட்டு வெட்டி இழுக்கிறவர்கள் ஒரு தரம் கட்டாயம் பிடித்துப் பார்க்க வேண்டிய தடி. மற்றவர்கள் அவசரப்பட வேண்டியதில்லை.

எல்லாவற்றையும் கவிழ்த்த இரண்டு அங்குலம்

முதல் கிழமை முடிவில், மச்சானுக்குப் பிளேட்தான் என்று முடிவுகட்டி வைத்திருந்தோம். எட்டாம் நாள் நான் குண்டுநூலை எடுத்தேன். வேறு காரணத்துக்காக. அவருடைய கண் பந்துக்கு மேலே நிற்கிறதா என்று பார்க்க. மூக்குத்தண்டின் மேல்முனையில் நூலைப் பிடித்துக் குண்டைத் தொங்கவிட்டால் அது பந்தின் மேலேயோ, பந்துக்குச் சற்று உள்ளேயோ விழ வேண்டும். மச்சானுடைய குண்டு பந்துக்கு ஒரு சாண் உள்ளே, ஏறக்குறைய அவருடைய சப்பாத்துக்கும் பந்துக்கும் நடுவில் தொங்கியது.

காரணம் தடியின் நீளம். என் பிளேட் 35 அங்குலம், மருமகனின் மலெட் 34. மச்சான் ஐந்தடி ஐந்து அங்குலம். நீளத் தடியைப் பிடிக்க அவர் பந்தை விட்டுத் தள்ளி நிற்கிறார். தள்ளி நின்றால் தண்டு இன்னும் சரிகிறது. தண்டு சரிந்தால் தலை இன்னும் வளைந்து போகிறது. தலையின் டோ பக்கம் தரையைவிட்டு எழும்பியும் நிற்கிறது. அதாவது, ஒரு கிழமையாக நாங்கள் 'மச்சானின் ஸ்ட்ரோக்' என்று அளந்து வைத்திருந்ததில் பாதி மச்சானுடையதே அல்ல, தடியினுடையது.

பிடியைக் கீழே இறக்கி, 33 அங்குலத்தில் பிடிக்கச் சொன்னேன். குண்டு பந்தின் மேல் வந்தது. சுவர்ச் சோதனையைத் திரும்பச் செய்தோம். மூன்று விரல் திறந்த கதவு இப்போது ஒரு விரல்தான் திறந்தது. மலெட்டில் வலப்பக்கம் போன பந்துகளும் பாதிக்குப் பாதி குறைந்துவிட்டன. மச்சான் ஒன்றும் பேசவில்லை. வெண்கட்டியை எடுத்துத் தரையில் போட்டிருந்த பழைய கணக்கையெல்லாம் காலால் அழித்தார். அக்காவுக்குத்தான் சந்தோசம்.

ஆகவே எந்த வகை என்று கேட்பதற்கு முதல் நீளத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். கடையில் கிடப்பவை பெரும்பாலும் 34, 35 அங்குலம். எங்கள் உயரத்து ஆட்கள் பலருக்கு 33 போதும், சிலருக்கு 32உம் சரிவரும். வழக்கமாக ஆடுகிற சப்பாத்தோடு நில்லுங்கள், இடுப்பில் குனியுங்கள், கைகளைத் தோளில் இருந்து சும்மா தொங்கவிடுங்கள். உள்ளங்கைகள் சந்திக்கிற இடத்தில் பிடியின் நடு வர வேண்டும். முழங்கையை மடித்து உயர்த்தித்தான் பிடிக்க முடிகிறது என்றால் தடி நீளம்.

உடனே வெட்ட ஓடாதீர்கள். முதலில் ஒரு மாதம் இறக்கிப் பிடித்து ஆடிப் பாருங்கள். வெட்டுவதென்றால் பிடி இருக்கிற மேல் முனையில்தான், தலைப் பக்கம் ஒருபோதும் இல்லை. சைக்கிள் கடையில் இரும்புவாளால் ஐந்து நிமிட வேலை. புதுப் பிடி போட இரட்டைப்பக்க ஒட்டுநாடாவும் டேர்பன்டைனும் போதும். டயர்க் கடைக் கொம்பிரசரால் காற்று ஊதிப் பிடியை ஏற்றுகிறவர்களும் உண்டு, கண்ணால் பார்த்திருக்கிறேன். வெட்டியதும் தலை லேசாகிவிட்டதுபோல் கைக்குத் தெரியும். 35 அங்குலத் தடிக்கு 340 கிராம் தலை அளவாக இருந்தால், 33க்கு 360 கிராமுக்குக் கிட்ட வேண்டும். இந்தக் குறையை நிரப்ப விற்கிற ஈயப்பட்டி இங்கே கிடைக்காது. வீச்சுவலை ஈயம் கிடைக்கும். ஒன்றிரண்டைத் தட்டி மெல்லிய தகடாக்கி, பட்டரின் அடியில் ஒட்டினால் வேலை முடிந்தது. ஆட்டம் தொடங்கிய பிறகு கூட்டிக் குறைக்கக் கூடாது, அவ்வளவுதான் விதி.

நீட்டத் தடியை நெஞ்சிலோ வயிற்றிலோ ஊன்றி ஆடுகிறவர்களை யூடியூப்பில் பார்த்து ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: 2016 ஜனவரி முதலாம் திகதியில் இருந்து உடம்பில் ஊன்றி அடிப்பது விதிப்படி தடை. நீளத் தடிக்குத் தடை இல்லை, ஊன்றுவதற்குத்தான்.

உப்புக்காற்றும் அறுகும்

வெளிநாட்டு ஒப்பீடுகளில் காணாத ஒன்று, கல்லடியில் கட்டாயம் பார்க்க வேண்டியது. ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல், நடுவில் வீடு. இங்கே யன்னல் பிணைச்சலே இரண்டு வருடத்தில் துருப்பிடிக்கிறது. விலைகூடிய பிளேட்களில் சில, பூச்சில்லாத கார்பன் உருக்கில் கடைந்தவை. கைக்கு மெத்தென்று இருக்கும் என்று புகழுவார்கள். எண்ணெய் துடைத்துத் துடைத்து வைக்கப் பொறுமை இல்லாதவர் அதைத் தொடவே வேண்டாம். என் பிளேட் ஸ்டெயின்லெஸ், பன்னிரண்டு வருடம் தாண்டியும் முகம் பளிச்சென்று இருக்கிறது. அலுமினியத் தலையுள்ள மலெட்டும் பரவாயில்லை, அதில் கவனிக்க வேண்டியது இடையில் பூட்டியிருக்கிற உருக்குத் திருகாணிகளைத்தான். கறுப்புப் பூச்சு வாங்கும்போது அழகு, அடியில் உரசி உரசி ஒரு வருடத்தில் சொறி பிடித்தமாதிரி ஆகும். காரின் டிக்கியில் வெயிலுக்குள் விட்டுவிட்டுப் போவதும் கூடாது. சூட்டில் தலையை ஒட்டியிருக்கிற பசை இளகும், பிடியின் ரப்பர் இறுகி வழுக்கும்.

முகத்தின் சரிவு, லொஃப்ட் என்பது, பட்டருக்கும் உண்டு. வழக்கமாக 3, 4 பாகை. 10க்கு மேல் விதி விடாது. பந்து தன் பாரத்தால் புல்லுக்குள் கொஞ்சம் இறங்கியிருக்கும், அதை மெல்லத் தூக்கி உருளவிடத்தான் இந்தச் சரிவு. வெப்ப நாடுகளின் கிரீன்களில் இருப்பது பெரும்பாலும் பெர்மூடா இனப் புல். பெர்மூடா என்றால் ஏதோ அந்நியம் என்று நினைக்க வேண்டாம், பிள்ளையாருக்குச் சாத்துகிற நம்முடைய அறுகுதான், அறுகம்குடாவுக்குப் பெயர் கொடுத்த அதே புல். கிரீனுக்கென்று கலப்பினமாக்கிய உறவுக்காரர்களும் அதில் அடக்கம். அறுகு படர்கிற திசைக்கு எதிராக உருட்டினால் பந்து இழுபடும், திசையோடு உருட்டினால் வழுக்கி ஓடும். உங்கள் பக்கம் இருந்து பார்க்கும்போது புல் பளபளத்தால் திசையோடு, கறுத்துத் தெரிந்தால் எதிர். கட்டையாக வெட்டாத, மெதுவான அறுகுக் கிரீனில் 4 பாகைத் தடி உதவும். 2 பாகைத் தடி பந்தை நிலத்துக்குள் குத்தித் துள்ளவைக்கும். விறாந்தைச் சீமெந்தில் இந்த வித்தியாசம் எதுவும் தெரியாது, ஆதலால் வேகத்தைப் பற்றி விறாந்தை சொல்வதை நம்பாதீர்கள். நாங்கள் வேகம் பழகுவதற்குப் பன்பாயைக் கவிழ்த்துப் போடுகிறோம். புல் இல்லைத்தான், ஆனாலும் பந்துக்குக் கொஞ்சம் மரியாதை வருகிறது.

பிடியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மணிக்கட்டு துள்ளுகிறவருக்குத் தடித்த பிடி, தூரத்தைக் கையால் உணர்கிறவருக்கு மெல்லியது. நூறு டொலர்த் தடியில் நல்ல பிடி போட்டால் நானூறு டொலர்த் தடியின் வழுக்கல் பிடியைவிட மேல்.

பழசு வாங்குவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. பட்டர் தேய்கிற பொருள் அல்ல. ஆனால் பேர்போன பிளேட்களுக்குப் போலி மலிந்து கிடக்கிறது. இணையத்தில் பாதி விலைக்குப் 'புதுசு' என்று காண்பதை விட்டுவிடுங்கள். காந்தம் ஒட்டுகிறதா, எழுத்து ஆழமா என்று சோதிக்கிற வித்தைகளெல்லாம் தடி கைக்கு வந்த பிறகுதான், அதற்குள் காசு போயிருக்கும். நானும் ஒருமுறை அப்படி ஏமாந்துதான் இருக்கிறேன். அந்தத் தடி இப்போது அக்காவின் புடலங்கொடிக்கு ஊன்றுகோல்.

கடைசியில் யாருக்கு எது

33 அங்குலப் பிடியில் இன்னொரு கிழமை மூன்றையும் மாற்றி மாற்றி உருட்டினோம். கண்டது இதுதான். பிளேட்டில் மச்சானுக்குத் திசை சரி, ஆனால் அவர் பந்தை அடிக்கடி டோ பக்கமாகத் தட்டுகிறார், அப்போதெல்லாம் பந்து ஒரு முழம் குறைவாக நின்றது. மலெட்டில் தூரம் பிசகவே இல்லை, ஆனால் அந்த மிச்சமிருந்த ஒரு விரல் கதவுக்கு அது இடம்கொடாமல், ஐந்தில் ஒரு பந்து வலப்பக்கம் நழுவியது. ஆக அவருக்கு வேண்டியது மலெட்டின் உடம்பும் பிளேட்டின் மூட்டும். அப்படியொன்று உண்டு. தண்டு தலையில் சேருகிற இடத்தில் கட்டையான, சரிந்த கழுத்து வைத்த மலெட். ஸ்லான்ட் நெக் என்பார்கள். பெரும்பாலான நிறுவனங்கள் ஒரே மலெட்டை இரண்டு கழுத்தில் விற்கின்றன, ஒன்று ஃபேஸ் பாலன்ஸ்ட், மற்றது தொங்குவது. வெளியில் இருந்து பார்த்தால் ஒரே தடி. ஆகவே படத்தைப் பார்த்து மட்டும் ஓடர் கொடுக்கக் கூடாது, கழுத்தின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும்.

உங்களில் யாராவது எங்களைப்போல வருடத்தில் சில நாள்தான் புல்லைக் காண்கிறவர் என்றால், பிளேட்டா மலெட்டா என்று யோசித்து நித்திரையைக் கெடுக்காமல் மலெட் பக்கம் போங்கள் என்பேன். கழுத்தை உங்கள் கை தீர்மானிக்கட்டும். பிளேட்டில் ஆசை விடவில்லை என்றால், கிழமையில் நாலு நாளாவது விறாந்தையில் நிற்கிறவராக இருங்கள்.

மிச்சம் இருந்தது ஒரு வில்லங்கம். மகன் ஆசையாக அனுப்பியதைச் சரியில்லை என்று எப்படிச் சொல்வது? மச்சான் இரண்டு நாள் கைபேசியைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். மறுகா நான்தான் ஒரு வழி சொன்னேன். என் கை நேர்க்கை. எனக்கும் 34 அங்குலத்துக்கும் ஒத்துவரும். அந்த மலெட் எனக்குச் செய்து வைத்ததுபோல இருக்கிறது. "மாமா ஆசைப்பட்டு எடுத்திட்டார் எண்டு எழுதுங்க. அது பொய்யும் இல்லை."

மாமாங்கத் திருவிழாவுக்கு, ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு மருமகன் வருகிறான். மச்சான் வட்ஸ்அப்பில் அனுப்பியதை அப்படியே தருகிறேன், யாராவது வெளிநாட்டில் இருக்கிற பிள்ளையிடம் கேட்பதென்றால் உதவும்: "மகன், நீ அனுப்பின பட்டர் மாமாவோட கைக்குப் போட்டுது. எனக்கு வரேக்க ஒண்டு கொண்டு வா. வலக்கை. மலெட். ஸ்லான்ட் நெக். 33 அங்குலம், வெட்டினது வேண்டாம், 33ஆகவே செய்தது. ஸ்டெயின்லெஸ் அல்லது அலுமினியம், கறுப்பு வேண்டாம். லொஃப்ட் 3க்குக் குறையாமல். பழசு எண்டாலும் பரவாயில்லை, கடையில கையில எடுத்துப் பாத்து வாங்கு."

பத்து நிமிடத்தில் பதில் வந்தது. "சரி அப்பா. அம்மா கேட்ட பட்டரும் கொண்டு வரவா?"